வேறு ஊருக்குப் போகும்போது இன்னொரு கம்பெனியைப் பார்த்துவிட்டு வருவது: ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் சிறு தொழிற்கூடங்களுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி எங்களுடையது. பவுண்டரி, பம்ப், நூற்பாலை உதிரிபாகம் என்று வேலை செய்பவர்கள் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது ஒரு பகுதி வேலையை வேறொரு கூடத்தில் செய்து வாங்க, வெளியே அனுப்பும் சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பி வந்தது என்று கணக்கு வைக்க எங்களிடம் வருவார்கள். வாடிக்கையாளரைப் பார்க்க, கண்காட்சிக்கு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்று எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு கம்பெனியையாவது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதை ஒன்பது வருடமாகப் பழக்கமாக வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கிய தம்பி தங்கைகள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

போனில் பேசலாம், வீடியோவில் பேசலாம். நேரில் போய்ப் பார்த்து அப்படி என்ன கிடைக்கப்போகிறது?

முதல் முறை எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் எங்களைவிட மூன்று மடங்கு பெரிய ஒரு கம்பெனி. விலை எப்படி வைக்கிறார்கள் என்று கேட்கத்தான் போனேன். போன நேரத்தில் நிறுவனர் வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொண்டார். "கொஞ்ச நேரம் இங்கே உட்காருங்கள்" என்று வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ஒரு ஷீட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். வாடிக்கையாளர் அந்தப் பொருளையோ வேலையையோ எந்தச் சொல்லால் சொன்னார் என்பதுதான் அந்த வரி. பிரச்சினை என்ன, தீர்ந்ததா என்பதெல்லாம் வேறு இடத்தில் பதிவாகிவிடுகிறது. இந்த ஷீட்டில் சொல் மட்டும். மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்து, திரையில் இருக்கும் சொற்களை மாற்றுவார்களாம்.

ஊருக்கு வந்து நாங்களும் அதைச் செய்தோம். எங்கள் திரையில் 'அவுட்வர்டு டெலிவரி சலான்' என்று இருந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் 'வெளியே போன சரக்கு' என்றார்கள். பொத்தானில் அதையே எழுதினோம். "அதை எங்கே போய்ப் பார்ப்பதுங்க?" என்று தினமும் வந்துகொண்டிருந்த அழைப்பு அநேகமாக நின்றுபோனது.

பிறகு அந்த நிறுவனரிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஷீட்டா? அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது" என்றார். ஒருவர் தனக்குப் பழகிப்போனதைத் தானாக எடுத்துச் சொல்வதில்லை. அவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. போனில் பேசும்போது அவர் முக்கியம் என்று நினைப்பது மட்டும்தான் நமக்கு வந்து சேரும். மிச்சத்துக்கு அங்கே போய் உட்கார வேண்டும்.

இது வெளிநாட்டுப் பழக்கமா? நம் ஊரில் இப்படிக் கதவைத் திறப்பார்களா?

திறக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் வேலை நடக்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் அவரை மிகவும் ஈர்த்தன. கண் அறுவை சிகிச்சையையும் அப்படி முறைப்படுத்த முடியாதா என்று யோசித்தார். ஒரு மேசையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் காத்திருப்பில் போவதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்தது. 1992இல் அரவிந்த் 'லைகோ' என்று ஒரு நிறுவனத்தையே இதற்காக அமைத்தது. மற்ற கண் மருத்துவமனைக்காரர்கள் மதுரைக்கு வந்து தங்கி, வேலை நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போகலாம். அப்புறம் அரவிந்த் ஆட்களும் அவர்கள் ஊருக்குப் போய்ப் பார்ப்பார்கள். இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் இப்படிக் கற்றுக்கொண்டிருக்கின்றன. தன் முறையைத் திறந்து காட்டியதால் அரவிந்த் எதையும் இழந்துவிடவில்லை.

வெளிநாட்டுக் கதையும் உண்டு. 1950இல் டொயோட்டா கார் கம்பெனியின் ஈஜி டொயோடா அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்டு கம்பெனியின் ரூஜ் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவு பெரிய இயந்திரங்களை வாங்க டொயோட்டாவிடம் அன்று பணம் இல்லை. ஆனால் தொழிலாளர்கள் தங்களுக்குத் தோன்றும் யோசனைகளை எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஃபோர்டில் இருந்தது. அதைக் கவனித்துவிட்டு வந்து, அடுத்த ஆண்டே டொயோட்டாவில் தொடங்கினார்கள். அதே கம்பெனியின் தாயிச்சி ஓனோ 1956இல் அமெரிக்கா போனபோது கார் ஆலைகளோடு சூப்பர் மார்க்கெட்டுகளையும் பார்த்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிற முறை, அவர் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த யோசனைக்குக் கண்ணெதிரே ஒரு உருவம் கொடுத்தது. 1983இல் ஒரு வர்த்தகக் கண்காட்சிக்காக மிலான் போன, அப்போது ஸ்டார்பக்ஸில் வேலை பார்த்த ஹோவர்டு ஷூல்ட்ஸ், தெருவில் இருந்த எஸ்பிரெஸோ கடைகளைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்பக்ஸ் காபிக்கொட்டை விற்கும் கடையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தார். மூவருமே வேறு வேலையாகப் போன இடத்தில், யாரும் பட்டியல் போட்டுக் காட்டாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

நாங்கள் நாலு பேர் கம்பெனி. எங்களை யார் உள்ளே விடுவார்கள்?

பெரிய பெயர்களைத் தேடிப் போவதால்தான் இந்தப் பயம் வருகிறது. மென்பொருள் கம்பெனிகளில் பெரியவர்களான ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்புவையோ, ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தையோ பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் நாலு பேர் கம்பெனிக்கு அவர்களால் இன்று ஆகக்கூடிய உதவி குறைவு. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்து முறை நம் அளவுக்குப் பொருந்தாது.

உங்களைவிட ஒன்றரை, இரண்டு வருடம் முன்னால் இருப்பவர்களைத் தேடுங்கள். நீங்கள் நாலு பேர் என்றால் பதினைந்து பேர் இருக்கும் கம்பெனி. நீங்கள் இன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தை அவர்கள் சமீபத்தில்தான் தாண்டியிருப்பார்கள், பட்ட பாடு எல்லாம் நினைவில் இருக்கும். பதில் எழுதவும் அவர்களுக்கு நேரம் உண்டு. பெரிய கம்பெனியின் முறைதான் தெரிய வேண்டும் என்றால், அங்கே சில வருடம் வேலை செய்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக நடத்துபவர்களைப் பாருங்கள். சென்னையில் அப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். கிரீஷே ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு 2010இல் தனியாகத் தொடங்கியவர். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது.

எந்தக் கம்பெனிக்குப் போவது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் உங்கள் கேள்வியை முடிவு செய்யுங்கள். 'நெட்வொர்க்கிங்' என்று பொதுவாகக் கிளம்பினால் காபி குடித்துவிட்டு விசிட்டிங் கார்டோடு திரும்பி வருவீர்கள். 'வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகு முதல் இரண்டு வாரம் என்ன செய்கிறார்கள்?' என்பது கேள்வி. 'விற்பனைக்கு எடுத்த முதல் ஆளுக்குச் சம்பளம், கமிஷன் எப்படி வைத்தார்கள்?' என்பதும் கேள்விதான். கேள்வி தெளிவாக இருந்தால் அதை நன்றாகச் செய்யும் கம்பெனி எது என்று விசாரிப்பது சுலபம்.

விசாரிக்க நல்ல ஆள் உங்கள் வாடிக்கையாளர்தான். "எங்கள் மென்பொருளைத் தவிர வேறு எதை விரும்பிப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் பெரும்பாலும் நீங்கள் பார்க்க வேண்டிய கம்பெனி. ஒரே வாடிக்கையாளருக்கு வேறு ஒன்றை விற்பவர் என்பதால் போட்டியும் இருக்காது.

ஊரில் யாரையும் தெரியாது என்றால் தொழில் வளர்ப்பு மையங்களில் தொடங்கலாம். சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா, ஐதராபாத்தில் டி-ஹப், கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷன். ஒரே வளாகத்தில் பல கம்பெனிகள் இருப்பதால், ஒருவரைப் பார்க்கப் போனால் அவரே இரண்டு பேரை அறிமுகப்படுத்துவார். மென்பொருள் விற்பவர்கள் என்றால் சென்னையில் கூடும் சாஸ்பூமி கூட்டங்களுக்குப் போய்ப் பழகலாம். முன்னே போனவர்கள் பின்னால் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் நிறுவனர்கள் கூட்டம் அது.

என்ன எழுதிக் கேட்பது? நான் அனுப்பும் செய்திக்குப் பதிலே வருவதில்லை.

"உங்கள் மூளையைக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும்", "சும்மா ஒரு அறிமுகத்துக்கு" என்ற வகைச் செய்திகளுக்குப் பதில் வராது. படிப்பவருக்கு எவ்வளவு நேரம் போகும், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எதுவும் தெரியாததால் தள்ளிப்போடுவார், அப்புறம் மறந்துவிடுவார். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். கோவையில் சிறு தொழிற்கூடங்களுக்கு மென்பொருள் செய்கிறோம், குழுவில் 8 பேர். 14ஆம் தேதி புதன்கிழமை ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க பெங்களூரு வருகிறேன். உங்கள் மென்பொருளை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்று நமக்குப் பொதுவான ஒரு வாடிக்கையாளர் சொன்னார். எங்களிடம் அதற்கு ஒரு மாதம் ஆகிறது. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உங்கள் ஆட்களின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா? எதையும் விற்க வரவில்லை. ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜி.எஸ்.டி. படிவமான ஐ.டி.சி.-04இல் நாங்கள் பட்ட அனுபவம் உங்களுக்கு உதவும் என்றால் அதை விவரமாகச் சொல்கிறேன். அன்று தோதுப்படாவிட்டால் பரவாயில்லை, அடுத்த முறை வரும்போது கேட்கிறேன்."

இதில் நாள் இருக்கிறது, நேர அளவு இருக்கிறது, ஒரே ஒரு விஷயம் இருக்கிறது, முடியாது என்று சொல்ல வழியும் இருக்கிறது. எப்படியும் நான் அந்த ஊருக்கு வருகிறேன் என்பதும் முக்கியம். உங்களுக்காகவே இவ்வளவு தூரம் வருகிறேன் என்றால் எதிராளிக்கு அது பாரம். வருகிற வழியில் எட்டிப்பார்க்கிறேன் என்றால் சரி என்று சொல்வது எளிது.

பதில் இல்லையென்றால் ஐந்து நாள் கழித்து ஒரு முறை, ஒரே வரியில், நினைவுபடுத்துங்கள். அதோடு விட்டுவிடுங்கள். நிறுவனரைவிட அந்தத் துறையைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். அவருடைய வேலையைக் கவனித்து வெளியாள் ஒருவர் கேட்பது அவருக்கும் சந்தோஷமான விஷயம். அவர் தன் மேலிடத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்வார்.

ஒரு பயணத்தில் எத்தனை கம்பெனி பார்க்கலாம்?

ஒரு நாளைக்கு ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு, அதுவும் ஒரே பகுதியில் இருந்தால் மட்டும். பெங்களூரில் காலை ஒயிட்ஃபீல்டிலும் மதியம் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் சந்திப்பு வைத்துக்கொண்டு, சாலையிலேயே பாதி நாளைக் கழித்திருக்கிறேன். கோரமங்கலாவும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டும் பக்கம் பக்கம், அங்கே இரண்டு வைக்கலாம். சென்னைக்குக் கோவையிலிருந்து காலை வந்தே பாரத்தில் கிளம்பினால் நண்பகல் வாக்கில் சென்ட்ரல். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் நேராகத் தரமணி, பெருங்குடி. ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பாதி நேரம் அவர்களே "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்பார்கள், அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பேச்சு நன்றாக வரும். அங்கிருந்து ஓட வேண்டிய நிலை வரக்கூடாது.

திங்கட்கிழமை காலையும் மாதக் கடைசி இரண்டு நாளும் வேண்டாம். விற்பனைக் கணக்கு முடிக்கும் நேரம், யாருக்கும் பேசப் பொழுது இருக்காது.

உள்ளே போன பிறகு என்ன கேட்பது, என்ன பார்ப்பது?

"எப்படி வெற்றி பெற்றீர்கள்?" என்று கேட்டால் மேடையில் பேசுவதையே உங்களிடமும் பேசுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, கேள்வி அப்படி. நடந்த ஒன்றைக் கேளுங்கள். "கடைசியாக விட்டுப்போன வாடிக்கையாளர் யார் மாதிரி ஆள்? போவதற்கு முந்தைய மாதம் என்ன நடந்தது?" என்றால் கதை வரும். "போன வாரம் எந்த வேலை தாமதமானது, எங்கே நின்றது?" என்றாலும் வரும். விலை பற்றி என்றால், "கடைசியாக எப்போது விலையை ஏற்றினீர்கள், அன்று யார் போன் செய்து கோபப்பட்டார்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். விலைப் பட்டியலைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

கைவிட்டதையும் கேளுங்கள். ஒரு கம்பெனியில் இன்று நடப்பது எல்லோருக்கும் தெரியும். செய்து பார்த்து நிறுத்தியது வெளியே தெரியாது. ஐதராபாத்தில் ஒருவர், ஊர் ஊராக ஆள் வைத்து விற்றுப் பார்த்து, ஒரு வருடத்தில் அதை மூடிய கதையைக் கணக்கோடு சொன்னார். நாங்கள் அதே திட்டத்தோடு அடுத்த மாதம் ஈரோட்டிலும் சேலத்திலும் ஆள் எடுப்பதாக இருந்தோம். எடுக்கவில்லை.

பேச்சைவிட, உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் நான் அதிகம் நேரம் கேட்பேன். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, எந்த எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்கள், ஒரு தவறு நடந்தால் யார் யாரிடம் எழுந்து போகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர் யார் பக்கத்தில் உட்கார்கிறார், வாடிக்கையாளர் திட்டிவிட்டு வைத்த பிறகு அந்த அழைப்பை எடுத்தவர் முகம் எப்படி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார். கடைசி இரண்டையும் எந்த அறிக்கையிலும் படிக்க முடியாது. டொயோட்டாவில் இதற்கு 'கென்ச்சி கென்புட்சு' என்பார்கள். வேலை நடக்கும் இடத்துக்கே போய், உள்ளதை உள்ளபடி பார் என்று அர்த்தம்.

நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மடிக்கணினியைத் திறக்காதீர்கள். திறந்தால் எதிரில் இருப்பவர் பேட்டி கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

போட்டிக் கம்பெனிக்கே போகலாமா? யோசனையைத் திருடியதாக ஆகாதா?

நேரடிப் போட்டி என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். "நாமிருவரும் ஒரே சந்தையில் இருக்கிறோம். விலை, வாடிக்கையாளர் பட்டியல் பற்றிப் பேச வேண்டாம். ஆள் எடுப்பது, பழக்குவது பற்றி மட்டும் பேசலாமா?" என்று கேட்டு இரண்டு இடத்தில் எனக்குக் கதவு திறந்திருக்கிறது. மறைத்துக்கொண்டு போவது, வாடிக்கையாளர் மாதிரி நடிப்பது, மாணவர் என்று சொல்வது, இவை எதுவும் கூடாது. தொழில் உலகம் சின்னது, கோவை இன்னும் சின்னது. ஒரு முறை பெயர் கெட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு எந்தக் கதவும் திறக்காது. அதைவிட, நம்மை நம்பி நாற்காலி போட்டுக் கொடுத்தவருக்கு அது துரோகம்.

1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் ஆட்களும் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் மவுஸ், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் திரை எல்லாவற்றையும் பார்த்ததைத் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது இரு தரப்பும் பேசி முடித்த ஏற்பாடு. பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே ஆப்பிளின் ஒரு லட்சம் பங்குகளைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்க ஜெராக்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். உள்ளே இருந்த ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு இப்படிக் காட்டுவதில் விருப்பமே இல்லை என்பதும் உண்மை. அதனால் அழைத்தவரின் சம்மதம் மட்டும் போதாது. உங்கள் பக்கத்தில் உட்காரும் ஊழியருக்கும் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

போட்டோ எடுக்கலாமா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால்?

போட்டோ வேண்டாம். வாசலில் பெயர்ப் பலகையோடு ஒன்று எடுத்தால் போதும், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒப்பந்தம் கேட்டால் படித்துப்பார்த்துப் போடுங்கள். "இதே துறையில் இத்தனை வருடம் எதுவும் செய்யக்கூடாது" என்ற மாதிரி வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல், பொதுவானவற்றை மட்டும் பேசிவிட்டு வருவது நல்லது.

வெறுங்கையோடு போகலாமா?

ஊர்ப் பலகாரம் ஒரு டப்பா எடுத்துப் போனால் அலுவலகமே பேசும். நான் மைசூர்பா கொண்டுபோவேன். நிறுவனர் கையில் கொடுக்காமல், யார் பக்கத்தில் உட்கார்ந்தேனோ அவரிடம் கொடுப்பேன்.

உண்மையில் அவர்களுக்குப் பயன்படுவது வேறு. போவதற்கு முன் அவர்கள் பொருளை நீங்களே புதிதாகப் பதிவு செய்து ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இதை நான் கொடுத்த எந்த இடத்திலும் அடுத்த முறை வரச் சொல்லாமல் அனுப்பியதில்லை.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கூச்சமாகவும் இருக்கிறது.

நானும் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவன்தான். கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அதைப் பார்த்தே கேட்டிருக்கிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் குழுவில் ஒரு தமிழ் பேசுபவராவது இருப்பார். மென்பொருள் வேலை என்றாலே பெருநகரம், ஆங்கிலம் என்ற நினைப்பு உங்களை அழுத்தினால் ஒரு முறை தென்காசிப் பக்கம் போய்வாருங்கள். 2011 முதல் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் நடக்கிறது. வயல் நடுவே அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

பெண் நிறுவனர் தனியாகப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இதை எங்கள் கம்பெனியின் இணை நிறுவனரான பெண்ணிடம் கேட்டு எழுதுகிறேன். சந்திப்பு அலுவலகத்தில், அலுவலக நேரத்தில். ஹோட்டல் லாபி, இரவு உணவு என்று இடம் மாறினால் "இந்த முறை தோதுப்படாது" என்று சொல்லிவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் குழுவில் ஒருவருக்கு இடமும் நேரமும் தெரிந்திருக்கட்டும். அந்த ஊரில் ஏற்கெனவே அங்கே போய்வந்த பெண் நிறுவனர் ஒருவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவருக்குப் பலமுறை உதவியிருக்கிறது. கூட ஆண் ஊழியர் வந்தால் கேள்விக்கான பதிலை அவரைப் பார்த்தே சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே எங்கள் இணை நிறுவனர் அடுத்த கேள்வியைத் தன் நோட்டைப் பார்த்துப் படித்து, பதில் தன்னிடம் வரும்வரை காத்திருப்பாராம்.

வெளிநாடு போகும்போது?

விசாவைச் சரியாகப் பாருங்கள். அமெரிக்காவுக்கான பி-1 விசாவில் தொழில் சந்திப்பு, மாநாடு, ஒப்பந்தப் பேச்சு எல்லாம் செய்யலாம். அங்கே உட்கார்ந்து அவர்களுக்கு வேலை செய்து சம்பளம் வாங்க முடியாது. பார்க்கப்போகும் கம்பெனியிடமிருந்து ஒரு அழைப்புக் கடிதம் கையில் இருப்பது நல்லது. சிங்கப்பூருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். அங்கே ஆயர் ராஜா பகுதியில் 'பிளாக் 71' என்ற கட்டடத்தைப் பாருங்கள். இடிக்க வைத்திருந்த பழைய தொழிற்பேட்டைக் கட்டடம், 2011 முதல் ஸ்டார்ட்அப்கள் குவிந்திருக்கும் இடம். மின்னணுப் பொருள் செய்பவர்கள் சீனாவின் ஷென்சென் போனால் ஹுவாச்சியாங்பெய் சந்தைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு யாழ் ஐ.டி. ஹப் நண்பர்கள் இருக்கிறார்கள், மொழியும் தடையில்லை.

வெளிநாட்டில் நேரம் சொன்னால் அதே நேரம். பத்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நில்லுங்கள், அரை மணி நேரம் என்று கேட்டிருந்தால் இருபத்தெட்டாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

போன இடத்தில் நம் பொருளை விற்கலாமா? நல்ல ஆளைப் பார்த்தால் வேலைக்கு அழைக்கலாமா?

இரண்டும் கூடாது. விற்க வரவில்லை என்று எழுதிவிட்டு உள்ளே போனவர் நீங்கள். அவர்களாகவே கேட்டால் இன்னொரு நாள் தனியாகப் பேசலாம். ஆள் இழுப்பது இன்னும் மோசம். அந்த ஊழியரே பிறகு உங்களுக்கு எழுதினால், அவருடைய நிறுவனருக்குத் தெரியாமல் பேச்சைத் தொடங்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

அன்றிரவே, ரயிலிலேயே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். பார்த்தது ஒரு பக்கம், அதில் நாம் செய்து பார்க்கப்போவது ஒன்றே ஒன்று. பத்து யோசனையோடு வந்து இறங்கி மறுநாள் கூட்டம் போட்டால் குழு சலித்துப்போகும். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். "அண்ணா ஊருக்குப் போய்ட்டு வந்துட்டார், இனி எல்லாம் மாறும்" என்று பசங்க பயப்படத் தொடங்கியதைக் கவனித்த பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். முடிந்தால் உங்களுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்யும் ஆளையே அடுத்த முறை அனுப்புங்கள். எங்கள் சப்போர்ட் குழுவின் தங்கை ஒருவர் போய்வந்த பிறகு செய்த மாற்றங்கள் நான் போய்வந்து செய்தவற்றைவிட நிலைத்து நிற்கின்றன.

நன்றிச் செய்தி மறுநாள். அதைவிட முக்கியமானது ஒரு மாதம் கழித்து அனுப்புவது: "நீங்கள் காட்டியதை இப்படிச் செய்தோம், இது சரியாக வந்தது, இது எங்களுக்கு ஒத்துவரவில்லை." இதை அனுப்புபவர்கள் மிகக் குறைவு. தாங்கள் காட்டியது என்ன ஆனது என்று தெரியாமலே பெரும்பாலானோர் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இன்று நெருக்கமாக இருக்கும் நிறுவனர்கள் எல்லோருமே அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு நெருங்கியவர்கள்.

எங்கள் அலுவலகத்தைப் பார்க்க வருகிறேன் என்று யாராவது எழுதினால்?

வரச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டு மதியம் இதற்கென்று ஒதுக்கிவிட்டால் வேலை கெடாது. எங்களிடம் இரண்டாவது, நான்காவது செவ்வாய்க்கிழமை மூன்று மணி. வருபவர் எதைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவோம், அந்த வேலையைச் செய்பவருக்குச் சம்மதமா என்றும் கேட்போம். வாடிக்கையாளர் பெயர் தெரியும் திரைகளை அன்று மூடிவைப்போம். போகும்போது ஒன்று கேட்போம்: "எங்களிடம் உங்களுக்கு விசித்திரமாகப் பட்டது எது?" போன மாதம் திருப்பூரிலிருந்து வந்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி, "எல்லாரும் போனை எடுத்ததும் முதல்ல மன்னிப்புக் கேட்கறீங்கண்ணா, அவங்க இன்னும் எதுவும் சொல்லவே இல்லை" என்றார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வருபவருக்கு அந்த நாற்காலியைத்தான் போட்டுக் கொடுக்கப்போகிறோம்.